இருபதுக்கு ஒன்பது

சோனியாவுக்கும் ஜெரால்டுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இதற்கு மாமியார் காரணமில்லை, மனஸ்தாபமும் காரணமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவர்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனியின் விதி காரணம்.

கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கற்றையாகக் கட்டித் தரும் கம்பெனி அது. கணவனும் மனைவியும் ஒரே ஷிப்டில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு போட்டுவிடுவார்களாம். குழந்தை பிறக்க வேண்டுமானால் அதற்கு முன்பு இருவரும் கொஞ்ச நேரமாவது ஒன்றாக வீட்டில் இருக்க வேண்டும் என்பதை அந்த விதியை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சோனியாவுக்கு முதல் ஷிப்ட், காலை ஆறு முதல் இரண்டு வரை. எளாவூரில் ஐந்து இருபதுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க நாலு மணிக்கே எழுந்துவிடுவாள். மெயின்டனன்ஸில் இருந்த ஜெரால்டுக்கு இரண்டாவது ஷிப்ட். அவன் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் போர்வைக்குள் இருப்பான். மதியம் ஒன்றே முக்காலுக்கு அவன் உள்ளே வரும்போது, லைனில் நிற்கும் அவளைப் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைப்பான். அன்றைய காதல் அத்துடன் முடிந்தது. மற்றதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய சீட்டுகளில் நடந்தது. சாம்பார் கீழ்த்தட்டில் இருக்கிறது. கேஸ் புக் செய்தாகிவிட்டது. உன் நீலச் சட்டையில் பட்டன் இல்லை. இப்படி.

இந்த நிலையில்தான் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு வந்தது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. ஒரே ஒரு இடம். ஜெனரல் ஷிப்ட், காலை எட்டரைக்கு வந்தால் போதும். ஆங்கிலப் பரீட்சை வைத்து எடுப்பார்கள். இலக்கணம் பதினைந்து, சொற்களின் முன்னொட்டு பின்னொட்டு பதினைந்து, பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது இருபது.

எட்டரை மணி என்ற இடத்தில் சோனியாவின் கண் நின்றுவிட்டது. எட்டரை என்றால் ஏழே முக்கால் வரை வீட்டில் இருக்கலாம். ஜெரால்டை ஏழு மணிக்கு எழுப்பலாம். எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம். சம்பளம் எவ்வளவு கூடும் என்பதை அவள் அறிவிப்பில் தேடக்கூட இல்லை.

அன்று ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டில், "நான் பரீட்ச எழுதப் போறேன். இங்லீஷ் சொல்லித் தாங்க" என்று எழுதி வைத்தாள். மறுநாள் காலையில் அதற்குக் கீழே பதில் இருந்தது. "கவலப்படாத. நான் இருக்கேன்."

ஜெரால்ட் இருந்தான்தான். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தொண்ணூற்றேழு வாங்கியவன் அவன். எளாவூர் வட்டாரத்தில் அந்த மதிப்பெண்ணை இன்னும் யாரும் தாண்டவில்லை. அவனால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசவோ, மருந்து டப்பாவில் இருப்பதைப் படித்துச் சொல்லவோ முடியாது என்பது உண்மைதான். ஆனால் பரீட்சையில் அவற்றைக் கேட்கவில்லையே. செய்தி பரவியதும் பரீட்சை எழுதவிருந்த நாற்பத்தைந்து பேரில் நாற்பத்து நான்கு பேர் அவனிடம் வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் டியூஷன். நாற்பத்தைந்தாவது ஆள் சோனியா. அவளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வாரத்தில் கணவனோடு கிடைத்த ஒரே காலை நேரம் அப்படி நாற்பத்து நான்கு பேரோடு பங்காகிப் போனது.

ஜெரால்டின் முறை எளிமையானது. முன்னொட்டுகளை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வேண்டும். 'அன்' என்றால் இல்லை, 'ரீ' என்றால் மறுபடி, 'டிஸ்' என்றால் எதிர், 'ப்ரீ' என்றால் முன்னால். எல்லோரும் சேர்ந்து ஒப்பித்தால் சபைக் கூரையில் இருந்த புறாக்கள் பறந்து போகும். அந்த ஒட்டுகளை ஏதாவது சொல்லில் ஒட்டிப் பார்க்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. சோனியா கேட்டாள். அது அடுத்த வாரப் பாடம் என்றான். அடுத்த வாரமும் ஒப்பித்தார்கள்.

பத்தியைப் படித்துப் பதில் எழுதுவதில்தான் ஜெரால்டின் மேதைமை முழுதாக வெளிப்பட்டது. அதற்கு மூன்று படிகள் வைத்திருந்தான். முதல் படி, பத்தியைப் படிக்கவே கூடாது, படித்தால் நேரம் வீண். இரண்டாவது படி, கேள்வியில் இருக்கும் மிகக் குண்டான சொல்லைப் பிடித்துக்கொண்டு, பத்தியில் அதே சொல் எங்கே இருக்கிறதென்று விரலை ஓட்ட வேண்டும். மூன்றாவது படி, அந்தச் சொல்லுக்கு முன்னால் இருக்கும் முற்றுப்புள்ளியிலிருந்து பின்னால் இருக்கும் முற்றுப்புள்ளி வரை அப்படியே இறக்கிவிட வேண்டும்.

"அர்த்தம் தெரியலன்னா, சார்?" என்று கேட்டான் ஆதிகேசவன். அவன் சோனியாவின் லைனிலேயே வேலை செய்பவன், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"அர்த்தம் தெரிஞ்சா தான்டா ஆபத்து. சொந்தமா எழுதத் தோணும்" என்றான் ஜெரால்ட்.

சோனியாவுக்கு அந்த முறை பிடிபடவில்லை. அவளிடம் இருந்த குறை அது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவாள். பஜ்ஜி மடித்து வந்த பேப்பரைக்கூட விடமாட்டாள். தெரியாத சொல் வந்தால் காய் நறுக்குவது போல அதைத் துண்டு போடுவாள், தலையைப் பார்ப்பாள், வாலைப் பார்ப்பாள், நடுவில் தெரிந்தது ஏதாவது இருக்கிறதா என்று தேடுவாள். அவள் எழுதிய பயிற்சித் தாளைத் திருத்தி ஜெரால்ட் ஃபிரிட்ஜில் ஒட்டினான். "கத சொல்லாத. காப்பி அடி" என்று சிவப்பு மையில் இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு இதயம் வரைந்து ஆறுதல் சொல்லியிருந்தான்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கேன்டீனில் நடந்தது. கேள்வித்தாளைத் தயாரித்தவர் மனிதவள மேலாளர் மணவாளன். இலக்கணக் கேள்விகளை இணையத்தில் எடுத்துவிட்டார். பத்திக்கு மட்டும் நேரமில்லை. மேஜைமேல் அவரே கையெழுத்துப் போட்ட ஒரு சுற்றறிக்கை, நோட்டீஸ் போர்டுக்குப் போகக் காத்திருந்தது. நல்ல ஆங்கிலம், சரியான நீளம். அதையே பத்தியாகப் போடச் சொல்லிவிட்டார். பரீட்சைத் தாளில் வரப்போகிற ஒன்றை முன்கூட்டியே போர்டில் ஒட்டினால் ரகசியம் போய்விடும் என்று அவருடைய உதவியாளர் ரம்யா அந்தச் சுற்றறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பரீட்சை முடிந்தபின் அதை எடுத்து ஒட்ட வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

கேன்டீனில் நாற்பத்து நான்கு விரல்கள் பத்தியின் மேல் ஓடின. குண்டான சொற்கள் பிடிபட்டன. முற்றுப்புள்ளியிலிருந்து முற்றுப்புள்ளி வரை பதில்கள் இறங்கின.

சோனியா முதல் வரியிலிருந்து படித்தாள். எல்லாம் 'செய்யப்படும்', 'மாற்றப்படும்' என்றே இருந்தது. செய்தவர் முக்கியமில்லை என்றால் செயப்பாட்டு வினையில் எழுதுவார்கள் என்று ஜெரால்ட் சொல்லித் தந்திருந்தான். செய்தவர் மேலாளர் என்றாலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாவது வரியில் 'டிஸ்கன்டினியூட்' என்ற சொல் வந்தது. துண்டு போட்டாள். கன்டினியூ என்றால் தொடர்வது, டிவியில் கேட்டிருக்கிறாள். முன்னால் 'டிஸ்'. அப்படியென்றால் தொடராது. எது தொடராது? எளாவூர் செக்போஸ்ட் பஸ் நிறுத்தம். அடுத்து 'ரீலொகேட்டட்'. லொகேஷன் அனுப்பு என்று போனில் தினமும் கேட்கிற சொல்தான். மறுபடி வேறு இடம். எங்கே? ஸ்டேஷன் ரோடு முனை.

அவளுக்கு முதுகு நிமிர்ந்தது. நெடுஞ்சாலை வேலை காரணமாக வருகிற ஒன்றாம் தேதி முதல் எல்லா ஊர்களிலும் முதல் ஷிப்ட் பஸ் நிற்கும் இடம் மாறுகிறது, இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறது. கீழே மணவாளனின் பெயர், தேதி எல்லாம் இருந்தன. அவள் பேனாவை எடுத்துத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தன் சொந்தச் சொற்களில், புரிந்ததை எழுதினாள். காலமும் இடமும் சரியாக இருந்தன. வினைச்சொற்கள்தான் எந்தக் காலத்திலும் சேராமல் நின்றன.

பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து பெஞ்சில் எழுதிய மெர்சியிடம் விஷயத்தைச் சொன்னாள். மெர்சி அவளோடு தினமும் ஒரே பஸ்ஸில் வருபவள். அவள் சிரித்துவிட்டு, "பரீட்சையில வர்றதெல்லாம் நெசமாடி? எட்டாவதுல ஒரு நரி வந்து கரடிகூட பேசுச்சே, அத்தயும் நம்புனியா?" என்று கேட்டாள்.

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பத்தி என்பது பரீட்சைக்காக இருப்பது. அதில் ராஜா வருவார், அணில் வரும், நேர்மையான விறகுவெட்டி வருவான். பஸ்ஸும் வரும். அதற்காக யாராவது போய் நிற்பார்களா? ஜெரால்டும் சீட்டில் அதையே எழுதினான், கொஞ்சம் அன்பாக. சந்தேகம் தீராமல் சோனியா மறுநாள் ரம்யாவிடம் போய், அந்தப் பத்தியில் இருப்பது உண்மையா என்று கேட்டாள். கேள்வித்தாளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று ரம்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இருபத்தைந்தாம் தேதி முடிவு வந்தது. பத்தியில் நாற்பத்து நான்கு பேருக்கும் இருபதுக்கு இருபது. சோனியாவுக்கு இருபதுக்கு ஒன்பது. மொத்தத்தில் ஆதிகேசவன் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியிருந்தான். ஒன்றாம் தேதி முதல் வேலை அவனுக்கு. ஜெரால்டுக்கு ஷெட்டில் சால்வை போர்த்தினார்கள். பெட்ரோல் பங்க் பக்கத்திலும் ஒரு கிளை ஆரம்பிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

சோனியா அன்று ஃபிரிட்ஜில் எதுவும் ஒட்டவில்லை. அடுத்த நாள் காலையில் அவள் நாலு மணிக்கு எழுந்தபோது ஜெரால்டும் எழுந்து அடுப்படி வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"அழுதியா?" என்றான்.

"இல்ல. தூங்குங்க போங்க."

"அடுத்த வருஷம் வெக்கும்போது பாத்துக்கலாம்."

"இன்னும் ஒரு வருஷமா?" என்று கேட்டுவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்றாம் தேதி வந்தது. நாலே முக்காலுக்குச் சோனியா வீட்டைவிட்டு இறங்கியபோது அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. இருபதுக்கு ஒன்பது வாங்கியவள் புரிந்துகொண்டது சரியா, இருபது வாங்கிய நாற்பத்து நான்கு பேர் புரிந்துகொள்ளாதது சரியா? தெரு முனையில் கொஞ்சம் நின்றாள். இன்று பஸ்ஸை விட்டால் திட்டுதான் மிச்சம். பிறகு ஸ்டேஷன் ரோடு பக்கம் திரும்பினாள்.

ஐந்து மணிக்கு அங்கே பஸ் நின்றுகொண்டிருந்தது. ஐம்பது பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் அவள் ஒருத்தி ஏறினாள்.

"இன்னாமா, ஸ்ட்ரைக்கா இன்னிக்கி?" என்றார் டிரைவர் சின்னராசு. "ராத்திரியே எனக்கு மெசேஜ் வந்துடிச்சி. உங்களுக்கு சொல்லலியா?"

"சொன்னாங்கண்ணே. எழுத்துல குடுத்தாங்க. எல்லாரும் பதிலும் எழுதிக் குடுத்தாங்க" என்றாள் சோனியா.

செக்போஸ்டில் ஐந்து இருபதிலிருந்து கூட்டம் நின்றது. ஐந்து நாற்பதுக்கு மெர்சி ஜெரால்டுக்கு போன் செய்து எழுப்பினாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த ஆசிரியர் தைரியம் சொன்னார். "வரும், வெயிட் பண்ணுங்க." மாணவர்கள் அவர் பேச்சை மீறியதில்லை. ஆறரை வரை காத்திருந்தார்கள்.

அன்று பார்த்துத்தான் கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஓர் அம்மா வந்திருந்தார். வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. ஷிப்ட் தொடங்கும்போதே வந்து நிற்பது அவர் வழக்கம். ஆறு மணிக்கு உள்ளே வந்து பார்த்தால் லைனில் பைக்கில் வந்த ஆறேழு பேரும் சோனியாவும் மட்டும் இருந்தார்கள். மணவாளன் வியர்த்துப்போய், ஆவணங்களைக் காட்டுவதற்காக அன்று மட்டும் ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்த புதிய ஆளைத் தேடினார். ஐம்பதுக்கு ஐம்பது செக்போஸ்டில் நின்றுகொண்டிருந்தது. பரீட்சை எழுதியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். ஒருத்தி இருந்தாள்.

"நீ எவ்வளோ மார்க்?"

"பத்தியில ஒம்போது, சார்."

மணவாளன் முகத்தை மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

தணிக்கை அம்மா சுவரில் தொங்கிய செயல்முறைத் தாளைக் காட்டி, இது என்ன சொல்கிறது என்று கேட்டார். மூன்று வருடமாக அதே இடத்தில் தொங்குகிற தாள். லேமினேஷன் போட்டது. பூஜை நாளில் அதற்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். சோனியா முதல் வரியிலிருந்து படித்தாள். இரண்டு சொற்களைத் துண்டு போட்டாள். ஒவ்வொரு ரோல் ஒயர் மாற்றும்போதும் மூன்று துண்டுகளை இழுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று இருந்தது. அதைத் தன் ஆங்கிலத்தில் சொன்னாள்.

நீங்கள் எத்தனை சோதிக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது.

மணவாளன் பின்னாலிருந்து மூன்று விரல்களைக் காட்டினார். சோனியா அதைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். ஏதோ ஒரு காரின் உள்ளே அந்த ஒயர் ஓடப்போகிறது, அதில் யாரோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"ஒன்லி ஒன், மேடம்" என்றாள்.

மணவாளன் மூன்று விரல்களையும் மடக்கிக்கொண்டார். அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். பிறகு சோனியாவின் பெயரைக் கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று மணவாளனுக்கே தெரியவில்லை. ஏழே முக்காலுக்கு ஆதிகேசவனும் மற்றவர்களும் வெங்காய லாரியில் வந்து வாசலில் இறங்கினார்கள்.

எல்லோருக்கும் அரை நாள் லீவு போட்டாயிற்று. தொழிலாளர்கள் கூட்டமாகப் போய், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நியாயம் கேட்டார்கள். மணவாளன் நாற்பத்து நான்கு விடைத்தாள்களையும் எடுத்து மேஜையில் போட்டார். எந்த நிறுத்தம் இனி இல்லை, எங்கே மாறியிருக்கிறது, எவ்வளவு நேரம் முன்னதாக வரும் என்று ஒவ்வொருவரும் தன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்கள். பிழையே இல்லை.

"இதுக்கு மேல உங்களுக்கு எப்டி சொல்றது?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பு அவர் ரம்யாவின் பீரோவைத் திறந்து பார்த்திருக்கலாம்.

சோனியாவுக்குப் பதினைந்து நாள் சோறு இறங்கவில்லை. வேலை போகுமோ என்று பயம். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அவளோடு பேசவில்லை. மற்றவர்களை விட்டுத் தனியாகப் பஸ் ஏறியதும் குற்றம், உண்மையைச் சொன்னதும் குற்றம். மெர்சி மட்டும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, இனிமேல் எந்தப் பேப்பர் வந்தாலும் படித்துச் சொல்லிவிடு என்று கிசுகிசுத்தாள். அதைத் தானே படித்துப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு தணிக்கை அறிக்கை வந்தது. குறைகள் பதினொன்று. கடைசிப் பக்கத்தில், ஆவணங்களைப் படிக்கிற ஆளிடம் ஆவணங்களை ஒப்படைக்கவும், இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று எழுதி, சோனியாவின் பெயரையும் போட்டிருந்தது. அந்த வாக்கியம் மட்டும் செயப்பாட்டு வினையில் இல்லை. மணவாளன் அதை நாலு முறை படித்தார். அறிவித்த முடிவை மாற்றினால் தப்பு செய்ததாக ஆகிவிடும் என்பதால் ஆதிகேசவனை முதுநிலை ஆவண அலுவலர் ஆக்கினார். அவன் கையெழுத்து அழகாக இருந்ததால் பைல்களின் முதுகில் பெயர் எழுதும் வேலையைக் கொடுத்தார். ஆவணங்களைப் படிக்கிற வேலை சோனியாவுக்கு. தற்காலிகம் என்று கடிதத்தில் இருந்தது. ஆனால் ஜெனரல் ஷிப்ட். அந்த வரியை அவள் துண்டு போடாமலே படித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெரால்ட் பல் தேய்த்துவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். எதிரே சோனியா. நடுவில் இட்லி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு இட்லியைப் பார்த்தார்கள். ஒன்றரை வருடமாகச் சீட்டில் எழுதியே பழகிவிட்டதால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் ஜெரால்ட்தான் ஆரம்பித்தான். பெட்ரோல் பங்க் கிளையில் அடுத்த வாரம் புதிய பேட்ச் தொடங்குகிறதாம். அறுபது பேராம்.

"அதே மூணு படியா?" என்றாள் சோனியா.

"பின்ன? நாப்பத்தி நாலு பேருக்கு ஃபுல் மார்க்கு. ஊரே கேக்குது."

"நாப்பத்தி நாலு பேரும் ரோட்ல நின்னாங்க."

"அது பஸ் மேட்டரு. நான் நடத்துனது இங்லீஷு."

"படிக்கத் தெரியாதவங்கள இன்னும் அறுபது பேர உண்டாக்கப் போறீங்க."

"நீ இன்னா, ஒம்போது மார்க்க வெச்சிக்கினு எனக்குப் பாடம் எடுக்கறியா?"

அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக நேரமில்லாமல் தள்ளிப்போட்டதெல்லாம் வரிசையாக வந்தது. டியூஷனில் ஆரம்பித்து, சட்னியில் உப்புக்குப் போய், கல்யாணத்தில் அவன் அக்கா சொன்ன ஒரு வார்த்தைக்குப் போய், மறுபடி டியூஷனுக்கு வந்தது. இட்லி ஆறியது. அவன் குரல் உயர்ந்தது, அவள் குரல் அதைத் தாண்டியது. நடுவில் அவனுக்கு விக்கல் எடுத்தது. அவள் திட்டிக்கொண்டே தண்ணீரை நகர்த்தி வைத்தாள். அவன் குடித்துவிட்டு, புதிய பேட்சுக்கு முதல் அரை மணி நேரம் அவளே வந்து படிக்கச் சொல்லித் தரட்டும் பார்ப்போம் என்று சவால் விட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அவளும் சவாலை ஏற்றாள்.

சத்தம் கேட்டு முன் போர்ஷனிலிருந்து வீட்டுக்காரம்மா லட்சுமியம்மாள் ஓடி வந்தார். அந்த வீட்டிலிருந்து மனிதக் குரலை அவர் கேட்டதே அபூர்வம்.

"இன்னாம்மா, ஊட்ல இன்னா பிரச்சன?"

"ஒண்ணுமில்லமா" என்றாள் சோனியா. தலையை லேசாக நிமிர்த்திக்கொண்டாள். "நானும் அவரும் சண்ட போட்டுக்கினு இருக்கோம்."

ஏழு மணி முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் பத்து நிமிடம் இருந்தது. லட்சுமியம்மாள் போனதும் அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, எந்த இடத்தில் விட்டோம் என்று கேட்டாள்.